சிவப்பு மூடிப் பையும் ஆடிக் கூழும்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்து சிறுநீரகம் கெட்டது. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு வைத்தியம் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சர்க்கரைத் தண்ணீரை அவர் வயிற்றுக்குள் ஊற்றச் சொன்னார்கள். முதல் தடவை கேட்டபோது நான் சிரித்தே விட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்கு உறைத்தது.

அவர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டாக்டரைப் பார்த்துக் கேட்டார்: “இத்தினி வருஷமா டீயில ஒரு ஸ்பூன் போட்டதுக்கு என்ன அந்தத் திட்டு திட்டுனீங்க. வாயில போட்டா குத்தம், வயித்துல ஊத்துனா வைத்தியமா சார்?”

டாக்டருக்கே அப்போது சிரிப்பு வந்துவிட்டது.

எங்களுக்கு விளக்கிச் சொன்னது அங்கிருந்த சிஸ்டர்தான். வளவனூர்ப் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும், குரல் மட்டும் ஐம்பது வயதுக்காரி மாதிரி. “வெள்ளரிக்காய அரிஞ்சு உப்பத் தூவி வச்சா என்னா ஆவும்?” என்று என்னைக் கேட்டார். தண்ணி விடும் என்றேன். “அதேதான். உப்புக்குப் பதிலா இங்க சர்க்கர. வயித்துக்குள்ள ஒரு சவ்வு இருக்குது. அதுக்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் நம்ம ஊத்துற தண்ணி. தண்ணியில சர்க்கர இருந்தாத்தான் ஒடம்புல தேங்குன நீரை இழுத்துக்கினு வரும். கூடவே அழுக்கும் வரும். நாலு மணி நேரம் கழிச்சு எறக்கிட்டுப் புதுசு ஊத்திக்கணும்.”

“இழுக்குற சர்க்கர அங்கேயே இருக்குமா சிஸ்டர், இல்ல ஒடம்புக்குள்ளயும் பூந்துடுமா?” என்று நான் கேட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும், ஜாக்கெட் தைக்க வருகிற பெண்களின் வாயிலும்தான். ஆனால் கேள்வி கேட்பதில் மட்டும் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

“நல்லாக் கேட்டீங்க. கொஞ்சம் பூந்துடும். அதுக்குத்தான் மூணு கலர் மூடி வச்சிருக்காங்க.”

வயிற்றில் வைக்கிற ட்யூப் வழியாக ஏற்றும் தண்ணீர்ப் பைகளின் மூடிகள் அவை. மஞ்சள் மூடி போட்ட பையில் சர்க்கரை கம்மி. பச்சையில் நடுத்தரம். சிவப்பில் அதிகம். சிவப்பு நிறைய நீரை இழுக்கும், ஆனால் நிறையச் சர்க்கரையை உடம்பிலும் ஏற்றும். அடிக்கடி போட்டால் அந்தச் சவ்வு தடித்து, ஒரு நாள் வேலையை நிறுத்திவிடும். சவ்வு நின்றுபோனால் வீட்டில் பை மாட்டுகிற வைத்தியம் முடிந்தது. பிறகு வாரத்தில் மூன்று நாள் விழுப்புரம் போய், ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினில் படுக்க வேண்டியதுதான். “மஞ்சள் தினப்படிக்கு. சிவப்பு, கால் வீங்கி மூச்சு வாங்குனா மட்டும். அதுவும் எனக்கு ஒரு போன் பண்ணிட்டுத்தான்” என்று சிஸ்டர் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

மெஷின் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் வாடியது ஊசிக்குப் பயந்து இல்லை. அவருக்குத் திண்டிவனத்தில் கமிட்டியில் வேலை. விவசாயிகள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையைக் கொண்டுவந்து ஏலத்துக்குப் போடுகிற இடத்தைத்தான் நாங்கள் கமிட்டி என்போம். அங்கே எடை போடுகிறவர் இவர். ஒலக்கூரிலிருந்தும் கிளியனூரிலிருந்தும் வருகிறவர்கள் “அண்ணன் தராசா? அப்ப சரி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். வாரத்தில் மூன்று நாள் அந்தத் தராசைவிட்டுப் போனால் அங்கே வேறொருவர் நிற்பார். பை வைத்தியம் என்றால் காலையில் ஒன்று மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம், மதியம் வீட்டுக்கு வந்து மாற்றிக்கொண்டு திரும்பலாம். அவருக்கு அந்தச் சவ்வு இருக்கும்வரைதான் தராசு.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். தொப்புளுக்குப் பக்கத்தில் ட்யூப் வைத்திருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. “வயித்துல ட்யூபு வச்சவன் தராசுகிட்ட நின்னா, வர்றவன் எல்லாம் பாவம்னு ஒரு பார்வ பாப்பான். மூட்டைய எடை போடலாம். அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாது. நீ வாயத் தொறக்காத.”

என்னைப் பார்த்து வாயைத் திறக்காதே என்றார்! எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்டால் போதும் என்பார்கள். அவருக்காக அந்த வாயைப் பூட்டினேன். பைப் பெட்டிகள் வண்டியில் வந்து இறங்கும்போது எதிர்வீட்டம்மா, “என்னா இவ்ளோ பெட்டி, கடை வைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். “துணி” என்றேன். “இவ்ளோ கனமாவா துணி?” என்றார். “மழையில நனைஞ்சிடுச்சி” என்றேன். சித்திரை வெயில் அன்றைக்கு மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. இறக்கின பையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு அவரே எடை பார்ப்பார். ஊற்றியதைவிட இறங்கியது கூட இருந்தால் “லாபம்” என்பார். குறைந்தால் “நஷ்டம்” என்பார். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்திருந்தார்கள். நாக்கு வறண்டால் ஒரு துண்டு ஐஸைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பல் பிடுங்கினவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

பிறகு ஆடி வந்தது. முந்தின ஆடியை மஞ்சள் காமாலை, பத்தியம் என்று பொய் சொல்லித் தாண்டியிருந்தோம், அதையே மறுபடி சொல்ல முடியாது.

ஆடியில் எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு தெருவில் கூழ் ஊற்றுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேப்பைக் கூழ் காய்ச்சிக் குடத்தில் கொண்டுவந்து கோயில் வாசலில் இருக்கிற கொப்பரையில் கொட்டுவார்கள். எல்லார் வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்து ஆத்தாளுக்குப் படைத்த பிறகு, வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சொம்பு சொம்பாக ஊற்றுவார்கள். கூடவே வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. பசிக்கவில்லை என்றால் சாதத்தை மறுக்கலாம். ஆத்தா கூழை எப்படி மறுப்பது? மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் ட்யூபைச் சொல்ல வேண்டும். அதிலும் என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் ஒரு சொம்பைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை நீட்டுகிற ஆள் என்று ஊரெல்லாம் பேர்.

அந்த ஆடியில்தான் அவருக்குச் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால், சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் காட்டுகிற எண்ணைப் பார்த்து எனக்கே மயக்கம் வரும். ஊசி மருந்தைக் கூட்டிப் போட்டும் இறங்கவில்லை. சொம்பு தண்ணீரை ஏக்கமாகப் பார்ப்பார். நான் என்ன நினைப்பேன்? கமிட்டி வாசல் டீக்கடையில் பாதுஷா போடுவார்கள். திங்கிறார் என்று முடிவு கட்டினேன். சட்டைப் பையைத் திருப்பி உதறினேன். வாயை ஊதச் சொன்னேன்.

“சாராயம் குடிச்சவன ஊதச் சொல்றமாதிரி ஊதச் சொல்றியே!”

“ஊதுங்க.”

ஊதினார். பீடி வாசனைகூட இல்லை.

“ஆத்தா மேல ஆணையா சொல்றேன், நான் இனிப்பத் தொடல.”

“ஆத்தாள ஏன் இழுக்கறீங்க? அவ பாட்டுக்கு அவ இருக்குறா. பாதுஷா எத்தினி தின்னீங்க, அதச் சொல்லுங்க.”

“பேஜாரு புடிச்சவளே, தின்னாத்தானே சொல்றதுக்கு!”

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் சிஸ்டருக்கு நானே போன் போட்டேன். “அழைச்சிக்கினு வாங்க” என்றார்.

விழுப்புரம் போகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கோபம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது கோபம் இல்லை.

சிஸ்டர் முதலில் எடை பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அண்ணா, எந்த மூடி?”

அவர் கால் கட்டை விரலால் தரையைச் சுரண்டினார்.

“மத்தியானம் போடுறது எந்த மூடிண்ணா?”

“...செவப்பு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதியம் நான் வாசல் அறையில் தைத்துக்கொண்டிருப்பேன். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவரே மாற்றிக்கொள்வார். ஞாயிறு கூழ் குடிப்பது, குடித்த நீர் காலில் இறங்குவதற்குள் சிவப்பை மாட்டி இழுத்துவிடுவது. இதுதான் அவர் கண்டுபிடித்த வழி. நான்கு சொம்பு உள்ளே போனாலும் சிவப்பு வெளியே கொண்டுவந்துவிடுகிறதே, பிறகென்ன என்று இருந்திருக்கிறார். கருவாட்டு உப்பு தாகத்தைக் கூட்டும். சிவப்பில் இருக்கிற சர்க்கரை ரத்தத்தில் ஏறி இன்னும் தாகத்தைக் கூட்டும். தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கு மறுபடி சிவப்பு. ஞாயிறு போய்த் திங்களும், திங்கள் போய்ச் செவ்வாயும் அதே மூடி. பாதுஷா அவர் திங்கவே இல்லை. வயிற்று வழியாக ஏறியிருக்கிறது.

“ஆத்தா மேல ஆணைன்னு சொன்னன்ல?” என்று என் பக்கம் திரும்பிச் சன்னமாகச் சொன்னார். அந்த நேரத்திலும் ஜெயித்த முகம்.

சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. “சவ்வு எப்பிடி இருக்குதுன்னு ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்ணா” என்றார்.

அந்த டெஸ்ட் ஒரு பொழுது பிடிக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில் இருக்கிற சர்க்கரையைச் சவ்வு எவ்வளவு வேகமாக உள்ளே இழுக்கிறது என்று நடுநடுவே கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். வேகமாக இழுத்துவிட்டால் வெளியே சர்க்கரை மிஞ்சாது. சர்க்கரை மிஞ்சாவிட்டால் நீர் வராது. நான் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா. அவர் வீட்டுக்காரர் மெஷினில் படுத்திருந்தார்.

“எப்பிடிக்கா இருக்கும், மெஷின்ல?” என்று கேட்டேன்.

“புழிஞ்சி காயப்போட்ட வேட்டி மாதிரி வெளிய வருவாரு” என்றார் அந்த அம்மா. “சாயந்தரம் வரைக்கும் மடிப்புப் பிரியாது. மறுநாள் கொஞ்சம் மனுஷனா இருப்பாரு. அதுக்கு அடுத்த நாள் திரும்பவும் பஸ்ஸூ.” சொல்லிவிட்டு என் கையைத் தட்டினார். “உயிரு இருக்குதுல்ல. நான் அதத்தான் பாக்குறேன். உன்னுது என்னா, பையா? பை நல்லதும்மா. பைய விட்டுடாதீங்க.”

வேட்டி என்று அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என்ன அழகாகச் சொன்னார், என்ன கொடுமையைச் சொன்னார்!

ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “இன்னும் தாங்குது. ஆனா முன்னைவிட வேகமா சர்க்கரைய உறிஞ்ச ஆரம்பிச்சிருக்குது. இப்பிடியே சிவப்பைப் போட்டுக்கினு இருந்தா மெஷின்தான். மஞ்சளே போதும், தண்ணியக் கொறைச்சா.”

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அப்படிச் சாய்ந்ததில்லை. “கடைசி ஞாயிறு நம்ம தெருக் கூழு” என்றார். “ம்” என்றேன். “என்னா சொல்றது?” என்றார். என்ன சொல்லச் சொல்வது? பூட்டு போட்டவர் அவர்.

கடைசி ஞாயிறு வந்தது. எங்கள் வீட்டுக் குடத்தையும் கொண்டுபோய்க் கொப்பரையில் கொட்டினேன். ஊற்றுவது எதிர்வீட்டம்மா. வருஷா வருஷம் அவர்தான். முழங்கை வரை கூழோடு நின்றுகொண்டு, வரிசையில் வருகிறவர்களை எல்லாம் அதட்டிக்கொண்டிருப்பார். இவர் முறை வந்தது. கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர், இவரை மச்சான் என்று கூப்பிடுகிறவர், பின்னாலேயே நின்றார்.

எதிர்வீட்டம்மா சொம்பு வழிய மொண்டார். “புடி தம்பி. உனக்குன்னு அடியில கெட்டியா எடுத்தேன்.”

இவர் சொம்பை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஒரு வாய் போதும்க்கா.”

“என்னாது? ஒரு வாயா? ஏன், ஒடம்பு சரியில்லியா?”

“வயித்துல ஏற்கெனவே ரெண்டு லிட்டரு இருக்குதுக்கா.”

“எங்க குடிச்ச?”

“குடிக்கல. ஊத்தினது.” சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றினார். பிளாஸ்திரியில் சுருட்டி ஒட்டியிருந்த ட்யூபைக் காட்டினார். “கிட்னி போயிடுச்சிக்கா. இது வழியா தண்ணி ஊத்தி எறக்கிக்கினு இருக்குறேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது.”

வரிசை நின்றுவிட்டது. மேளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். எதிர்வீட்டம்மா ட்யூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதான் மழையில நனைஞ்ச துணியா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“என்னா தண்ணி அது?” என்று அவரிடம் கேட்டார்.

“சர்க்கரத் தண்ணிக்கா.”

“சர்க்கரத் தண்ணியா! ஆத்தா ஊத்துறதுக்கு முன்னாடியே எவனோ உனக்குப் பானகம் ஊத்திட்டுப் போய்ட்டானா!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. இவர்தான் என்று நினைக்கிறேன். ட்யூபு குலுங்கச் சிரித்தார். எதிர்வீட்டம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கூழ்க் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கேப்பையாக்கிக்கொண்டார். பிறகு சொம்பை வைத்துவிட்டு, “கைய நீட்டு” என்றார். இவர் உள்ளங்கையில் விரலால் எடுத்து ஒரு சொட்டு வைத்தார். “ஆத்தாளுக்கு இது போதும். அவ என்னா உன் வயித்த அளந்து பாக்கப் போறாளா? பட்டனப் போடு, காத்து படப் போவுது.”

நக்கிக்கொண்டு நகர்ந்தவரைப் பின்னால் நின்ற மச்சான் தோளில் ஒரு தட்டு தட்டினார். “யோவ் மச்சான், நீ கொஞ்ச நாளா மூட்டைய நவுத்தாம எனக்கே வேல வைக்கிற. திமிரு வந்துடுச்சின்னு கமிட்டி பூரா சொல்லிக்கினு இருக்குறேன். இதச் சொல்லித் தொலைச்சா என்னா?”

“சொன்னா தராச வாங்கிடுவீங்கன்னு...”

“வாங்கி? யார்கிட்ட குடுக்கறது? எனக்கு எண்ணு பாக்கத் தெரியுமா?”

அவர் பயந்த பார்வை வரத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை இரண்டு மூன்று பேர் அப்படிப் பார்த்தார்களாம். ஆனால் கூட்டம் அதிகமாக இருந்ததால் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லாமல், “அண்ணா, ஜல்தி போடுங்கண்ணா, வண்டி நிக்குது” என்று அவர்களே அவசரப்படுத்தினார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, நல்ல விலைக்கு ஏலம் போன மூட்டை மாதிரி பளிச்சென்று இருந்தார்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மதியம் இவர் வெயிலில் வீட்டுக்கும் கமிட்டிக்கும் அலைவதைப் பார்த்துவிட்டு, மச்சானும் இன்னும் சிலரும் அதிகாரியிடம் போய்ப் பேசியிருக்கிறார்கள். ஏலம் முடிந்தால் கம்ப்யூட்டர் அறை பூட்டித்தான் கிடக்கிறது, அங்கே மாட்டிக்கொள்ளட்டும் என்று. சிஸ்டர் முதலில் முடியாது என்றுவிட்டார். “மல்லாட்டத் தூசியிலயா? கிருமி பூந்தா வயிறு வீங்கிடும்.” இவர்கள் விடவில்லை. அறையைக் கழுவி, கண்ணாடி ஜன்னல் இடுக்கையெல்லாம் அடைத்து, கை கழுவக் குழாய் இருப்பதை வீடியோ போனில் காட்டினார்கள். சிஸ்டர் அந்தப் படத்தில் மூலை மூலையாகத் திருப்பச் சொல்லி, ஃபேன் போடக் கூடாது, முகமூடி இல்லாமல் பையைத் தொடக் கூடாது, கதவைத் திறக்கவே கூடாது என்று ஆயிரம் கண்டிஷன் போட்டு ஒத்துக்கொண்டார். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பை தொங்கவிட மச்சான் சுவரில் அடித்திருந்த கொக்கி, ஒரு மல்லாட்டை மூட்டையே தொங்கலாம், அவ்வளவு கெட்டி.

எல்லாரிடமும் சந்தோஷமாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மதியம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். என்னவோ குறைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவரைத் தனியாகக் கதவைச் சாத்தவிடாமல், ஒவ்வொரு மதியமும் நானும் முகமூடி கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடியைப் பார்க்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். பழைய தண்ணீர் இறங்கிப் புதுத் தண்ணீர் ஏறுகிறவரை அரை மணி நேரம் அவரால் நகர முடியாது. கல்யாணமான நாளிலிருந்து, நான் பேசினால் எழுந்து போகாமல் முழுசாகக் கேட்டது அந்த அரை மணி நேரங்களில்தான். தைக்க வந்தவள் என்ன சொன்னாள், அவள் மாமியார் அதற்கு என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் கொட்டுவேன். அவர் முகமூடிக்குள் “ம், ம்” என்பார். சில சமயம் அந்தத் துணி உள்ளே போய் வெளியே வரும். சிரிக்கிறார் என்று அர்த்தம்.

அவருக்குத் தராசு நிலைத்தது, எனக்கு மதியம் போனது. நியாயமான எடைதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரிடம் சொல்லவும் இல்லை.

ஆனாலும் அந்த வாரமே ஒரு மதியம் போன் வந்தது. பின்னால் சத்தமே இல்லை. கதவைச் சாத்தியிருக்கிறார்.

“என்னாங்க, என்னா ஆச்சி?” என்று பதறினேன்.

“ஒண்ணும் ஆவல. மஞ்சதான் மாட்டியிருக்குறேன். எறங்கிக்கினு இருக்குது. போன ஸ்பீக்கர்ல போட்டு மேச மேல வச்சிருக்குறேன், கையால தொடல, சிஸ்டருகிட்ட சொல்லிடாத.”

“சரி. அதுக்கு?”

“இங்க செவுத்தப் பாத்துக்கினு எத்தினி நேரம் ஒக்காந்திருக்கறது? காலையில யாரு வந்தா தைக்க?”

மிஷின் மேல் கிடந்த ஜாக்கெட் துணியைத் தள்ளி வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.